நீண்ட லோவர் ஆர்மும் உள்நோக்கிச் சாய்ந்த சக்கரமும்: நெகிரி செம்பிலான் தோட்டச் சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ் லின்சம், போர்ட்டிக்சன் சுவா பெத்தோங், லாபு, பகாவ் வட்டாரத்து கெடீஸ், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்கள் முதலில் பால்மரத்தையும் பின்னர் செம்பனையையும் நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் இருப்பிடங்களாக விளங்கியவை. தோட்ட நிலங்களின் ஒரு பகுதி வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி, தோட்டத்தில் பிறந்த இளந்தலைமுறையினர் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய பின்னர், கார் என்பது வசதிப் பொருளாக இல்லாமல் பிழைப்புக்கு இன்றியமையாத கருவியாயிற்று. அக்காரைத் தம் விருப்பத்திற்கேற்ப மாற்றியமைக்கும் பழக்கம் இளைஞர்களிடையே பரவியதோடு, முன்சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி செய்வது அம்மாற்றங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. இந்தச் சாய்வைப் பெறுவதற்கு, சக்கரத்தின் அடிப்பகுதியைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட லோவர் ஆர்மைக் கழற்றிவிட்டு, அதைவிட நீளமான வேறொன்றைப் பொருத்தும் முறை எந்த அளவுக்குப் பொறியியல் நியாயம் உடையது, அது எவற்றைத் தருகிறது, எவற்றைப் பறிக்கிறது, தோட்டச் சாலைகளில் ஓடும் காருக்கு அது பொருந்துமா என்பனவே இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

கேம்பரும் அதன் பயனும்

காரை முன்னாலிருந்து பார்க்கும்போது, செங்குத்துக் கோட்டிலிருந்து சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் கோணமே கேம்பர் எனப்படுகிறது. சக்கரத்தின் மேற்பகுதி காரின் உட்புறம் நோக்கிச் சாய்ந்திருந்தால் அது எதிர்மக் கேம்பர். வெளிப்புறம் நோக்கிச் சாய்ந்திருந்தால் நேர்மக் கேம்பர். அன்றாட ஓட்டத்திற்கான கார்களில் முன்சக்கரக் கேம்பர் பெரும்பாலும் சுழியத்தை ஒட்டியோ ஒரு பாகைக்கு உட்பட்ட எதிர்ம அளவிலோ வைக்கப்படுகிறது. பந்தயத் தடத்தில் ஓடும் கார்களில் 2 முதல் 3 பாகை வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் எதிர்மக் கேம்பர் தரப்படுகிறது.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் வளைவில் காரின் உடல் சாய்வதே ஆகும். கார் வலப்புறம் திரும்பும்போது அதன் எடையின் பெரும்பகுதி இடப்புறச் சக்கரங்களுக்கு மாறுவதோடு, உடலும் இடப்புறமாகச் சாய்ந்து, சுமை தாங்கும் இடப்புற முன்சக்கரத்தையும் தன்னோடு வெளிப்புறம் சாய்க்கிறது. நேராக நிற்கையில் செங்குத்தாக இருந்த சக்கரம் இந்நிலையில் தன் வெளிவிளிம்பில் மட்டும் ஊன்றுவதால், டயரின் பிடிப்பு குறைந்து, ஸ்டீயரிங் திருப்பியும் கார் போதிய அளவு திரும்பாத நிலை ஏற்படுகிறது. முன்கூட்டியே உள்நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்ட சக்கரமோ உடல் சாயும்போது ஏறத்தாழ நிமிர்ந்து, டயரின் முழு அகலமும் தரையில் படியும்படி செய்கிறது. ஆகவே எதிர்மக் கேம்பர் என்பது வளைவுக்காக நேர்ச்சாலையில் செலுத்தப்படும் முன்பணம் என்று கொள்ளத்தக்கது. வளைவுகள் அடிக்கடி வராத இடத்தில் அப்பணம் திரும்பி வருவதில்லை.

நேர்ச்சாலையில் செலுத்தப்படும் விலையைக் கணக்கிட்டும் காணலாம். 195 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரை 2 பாகை சாய்த்தால், டயர் நெளியாது என்று கொள்ளும் நிலையில், அதன் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே சுமார் 7 மில்லிமீட்டர் உயர வேறுபாடு தோன்றுகிறது. சுமையின்கீழ் ரப்பர் நெளிந்து இந்த வேறுபாட்டை ஈடுசெய்தாலும், உட்புறம் மிகுந்த அழுத்தத்தையும் வெளிப்புறம் குறைந்த அழுத்தத்தையும் தாங்குவதால் உள்விளிம்பு விரைவில் தேய்கிறது; நேராக ஓடும்போது அழுத்தப்படும் பிரேக்கின் பிடிப்பும் ஓரளவு குறைகிறது.

லோவர் ஆர்ம் நீளும்போது நிகழ்வது

மலேசியச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் புரோட்டோன், பெரோடுவா கார்களில் பெரும்பாலானவை மேக்பர்சன் ஸ்ட்ரட் என்னும் முன் சஸ்பென்ஷனைக் கொண்டவை. இவ்வமைப்பில், அப்சோர்பரும் சுருள்வில்லும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்முனை காரின் உடலில் பிணைக்கப்பட்டிருக்க, அதன் கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்னும் இரும்புப் பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நக்கிளின் அடிப்பகுதியைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைப்பதே லோவர் ஆர்ம். அதன் உள்முனையில் ரப்பர் புஷ்களும், வெளிமுனையில் எத்திசையிலும் அசையக்கூடிய பால் ஜாயிண்டும் உள்ளன.

லோவர் ஆர்ம் நீளமானால், மேல்முனை அசையாமல் இருக்க, பால் ஜாயிண்ட் மட்டும் வெளிப்புறம் தள்ளப்பட்டு, ஸ்ட்ரட்டும் நக்கிளும் சக்கரமும் ஒரே உறுப்பாகச் சாய்கின்றன. பால் ஜாயிண்டிலிருந்து ஸ்ட்ரட்டின் மேல்முனை வரை 650 மில்லிமீட்டர் தொலைவு உள்ள ஒரு காரில் ஆர்மின் நீளம் 10 மில்லிமீட்டர் கூடினால், கேம்பர் சுமார் 0.9 பாகை எதிர்மத் திசையில் நகரும் என்பது எளிய முக்கோணக் கணக்கு. டயர் தரையைத் தொடும் இடம் பால் ஜாயிண்டுக்கும் கீழே இருப்பதால், அவ்விடம் 10 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே வெளியே நகர்ந்து, இரு முன்சக்கரங்களுக்கும் இடையிலான அகலத்தையும் கூட்டுகிறது. வளைவில் எடை மாற்றத்தைக் குறைக்கும் இந்த அகலமே கேம்பரோடு சேர்ந்து கிடைக்கும் இரண்டாவது ஆதாயம்.

இம்முறையைப் பிற முறைகளிலிருந்து பிரித்துக்காட்டும் நுட்பம் ஒன்றும் உண்டு. சக்கரம் எந்த அச்சைச் சுற்றி ஸ்டீயரிங்குக்குத் திரும்புகிறதோ அந்த அச்சு, மேல்முனையையும் பால் ஜாயிண்டையும் இணைக்கும் கோடாகும். ஆர்ம் நீளும்போது சக்கரமும் அவ்வச்சும் ஒன்றாகவே சாய்வதால், இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் மாறுவதில்லை. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் பிணைக்கும் இடத்தில் கேம்பர் போல்ட் பொருத்திச் சக்கரத்தைச் சாய்க்கும்போதோ அக்கோணம் மாறிவிடுகிறது. தொழிற்சாலை வகுத்த ஸ்டீயரிங் இயல்பைப் பெரிதும் குலைக்காமல் கேம்பரைக் கூட்டுவது என்ற வகையில், நீண்ட ஆர்ம் கோட்பாட்டளவில் தூய்மையான வழியே.

உலக முன்மாதிரிகள்

இம்முறை புதிதன்று. 1959இல் அலெக் இசிகோனிசின் வடிவமைப்பில் வெளிவந்து, 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ரேலியை வென்ற மினி காருக்கு, ஒன்றரைப் பாகை எதிர்மக் கேம்பர் தரும்படி நீட்டிச் செய்யப்பட்ட லோவர் ஆர்ம்கள் ஆயத்தப் பொருளாகவே நெடுங்காலமாக விற்கப்பட்டுவருகின்றன. அமெரிக்காவில், 1979 முதல் 1993 வரை வெளிவந்த ஃபோர்டு முஸ்டாங்கில் 1994ஆம் ஆண்டு வடிவத்தின் நீளமான ஆர்ம்களைப் பொருத்துவது நன்கு அறியப்பட்ட மாற்றம். ஜப்பானிய நிசான் சில்வியாவின் எஸ்-13 வடிவத்தில் அதற்கடுத்த எஸ்-14 வடிவத்தின் நீண்ட ஆர்ம்களைப் பொருத்துவதும் அத்தகையதே.

ஆர்மை நீட்டாமலேயே அதன் இருப்பிடத்தை மாற்றி அதே நோக்கத்தை அணுகியவர்களும் உண்டு. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங்கின் கணக்கை ஏற்று, 1965ஆம் ஆண்டு ஷெல்பி ஜிடி-350 காரில் மேல் ஆர்மின் உட்புறப் பிணைப்பு ஓர் அங்குலம் தாழ்த்தப்பட்டது; இதனால் வளைவில் சக்கரம் மேலெழும்போது கேம்பர் எதிர்மத் திசையில் கூடுதலாக மாறியது. மேலும் கீழுமாக இரு ஆர்ம்கள் கொண்ட இத்தகைய அமைப்பில், கீழ் ஆர்மை நீட்டுவதும் மேல் ஆர்மைக் குறுக்குவதும் கேம்பரைப் பொறுத்தவரை ஒரே திசை விளைவைத் தருகின்றன.

இம்முன்மாதிரிகள் எதிலும் வேறொரு காரின் ஆர்ம் முன்சக்கர இயக்கக் காரில் பொருத்தப்படவில்லை என்னும் பொதுத்தன்மை காணப்படுகிறது. முஸ்டாங்கும் சில்வியாவும் பின்சக்கர இயக்கம் கொண்டவையாதலால், அவற்றின் முன்சக்கரங்களுக்கு எஞ்சின் ஆற்றலைக் கொண்டுசெல்லும் தண்டு இல்லை. மினி முன்சக்கர இயக்கம் உடையதாயினும், அதற்கான ஆர்ம் அந்தக் காருக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. வேறொரு காரின் ஆர்மை முன்சக்கர இயக்கக் காரில் பொருத்தும் மலேசியச் சூழல் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது என்பதை மனத்திற்கொள்ளாமல் முன்மாதிரிகளை மேற்கோள் காட்டுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

மலேசியச் சூழல்

1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் 1993இல் வெளிவந்த வீராவும் மிட்சுபிஷி லான்சரின் அடித்தளத்தில் உருவானவை. வீராவின் அடித்தளத்தையே மிட்சுபிஷியின் லான்சர் எவலூஷன் வரிசையின் முதல் மூன்று வடிவங்களும் பகிர்ந்துகொண்டன. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் டைஹாட்சு மீராவையும், 2005இல் வந்த மைவி டைஹாட்சு பூனையும் தழுவியவை. இவ்வாறு ஜப்பானிய உறவுமுறை கொண்ட கார்கள் பெருகியிருப்பதாலும், ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட கார்களின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்யும் ஹாஃப்-கட் வணிகம் வேரூன்றியிருப்பதாலும், ஒரு காரின் பாகத்தை மற்றொன்றில் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு மலேசியாவில் எளிதாகக் கிடைக்கிறது.

ஆயினும், ஒரே அடித்தளம் என்பது ஒரே அளவு என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. பால் ஜாயிண்டின் கூம்புத் தண்டு நக்கிளில் சரியாக அமர்வது, புஷ்ஷின் அகலமும் அச்சின் திசையும் பொருந்துவது, உடல் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் துளை உரிய இடத்தில் இருப்பது, பால் ஜாயிண்ட் முன்பின்னாக நகராமல் இருப்பது ஆகிய நான்கும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டியவை. பால் ஜாயிண்ட் முன்னே நகர்ந்தால் ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வாகிய கேஸ்டர் கூடும், பின்னே நகர்ந்தால் குறையும். இது இடவலமாகச் சமமாக நிகழாவிட்டால் கார் ஒருபுறம் இழுக்கும். ஹாஃப்-கட்டிலிருந்து கழற்றப்பட்ட ஆர்ம் எத்தகைய மோதலைக் கண்டது என்பதும் தெரியாததால், வளைவோ வெடிப்போ உள்ளதா என்று பாராமல் அதைப் பொருத்துவது பொறுப்பற்ற செயலாகும். இருக்கும் ஆர்மையே வெட்டி நடுவில் இரும்பு சேர்த்துப் பற்றவைத்து நீட்டும் வழக்கம் எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. அழுத்தி வடிக்கப்பட்ட தகடு வெப்பத்தால் தன் வலிமையை இழக்கும் இடமும், சாலையின் அடியைத் தாங்க வேண்டிய இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

எதிர்மக் கேம்பரின் பயனை மெய்ப்பிக்கும் களமும் இம்மாநிலத்தின் எல்லையை ஒட்டியே அமைந்துள்ளது. 1999இல் திறக்கப்பட்டு, 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட செப்பாங் பந்தயத் தடத்தில் வலப்புற வளைவுகளே மிகுதி என்பதால், இடப்புற முன்டயரின் வெளிவிளிம்பு பெருஞ்சுமையைத் தாங்குகிறது. அங்கு ஓடும் காருக்கு 2 பாகைக்கு மேற்பட்ட எதிர்மக் கேம்பர் டயரைத் தேய்ப்பதற்கு மாறாகக் காக்கவே செய்கிறது.

உடன்வரும் விளைவுகள்

கேம்பரை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாற்றாமல் விடுவது இயலாத காரியம். அவற்றுள் முதன்மையானது டோ, அதாவது காரை மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் கோணம். பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களில் ஸ்டீயரிங் ராக் சக்கர மையக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆர்ம் பால் ஜாயிண்டை வெளியே தள்ளும்போது, ராக்கையும் நக்கிளையும் இணைக்கும் டை ராட் சக்கரத்தின் பின்பகுதியைப் பழைய இடத்திலேயே பிடித்து நிறுத்துவதால், சக்கரத்தின் முன்பகுதி வெளிப்புறம் திரும்பிவிடுகிறது. நக்கிளின் ஸ்டீயரிங் கை 120 மில்லிமீட்டர் நீளமுள்ள காரில், 10 மில்லிமீட்டர் நீண்ட ஆர்ம் ஒவ்வொரு சக்கரத்தையும் 4 பாகைக்கு மேல் இவ்வாறு திருப்பும். ஒரு பாகை டோ பிழை என்பது ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் டயரைச் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுத்துச் செல்வதற்குச் சமம் என்று கணக்கிட்டால், சக்கரக் கோணங்களைத் திருத்தும் அலைன்மென்ட் செய்யாமல் பட்டறையிலிருந்து வீடு வரை ஓட்டிச் செல்வதுகூட டயருக்குக் கேடு என்பது விளங்கும். கேம்பர் டயரைத் தின்றுவிடுகிறது என்று பரவலாகக் கூறப்படும் குறையின் பெரும்பங்கு உண்மையில் திருத்தப்படாத டோவையே சாரும்.

டோவைத் திருத்த டை ராட் எண்ட் வெளியே நீட்டப்படும்போது, மரைகள் போதிய நீளத்திற்குப் பிடித்திருக்கின்றனவா என்று பார்ப்பது உயிர்காக்கும் சோதனையாகும். அடுத்தது எஞ்சின் ஆற்றலை முன்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டாகிய டிரைவ் ஷாஃப்ட். சக்கரம் வெளியே நகர்ந்த அளவுக்கு அதன் உட்புற மூட்டாகிய சிவி ஜாயிண்டும் வெளியே இழுக்கப்படுவதால், சஸ்பென்ஷன் முழுதும் தொங்கும் நிலையிலும் ஸ்டீயரிங் முழுதும் திரும்பிய நிலையிலும் ஜாயிண்ட் தன் கிண்ணத்திற்குள் போதிய ஆழத்தில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இச்சோதனையைத் தவிர்த்தால் குழியில் சக்கரம் தொங்கும் கணத்தில் ஷாஃப்ட் கழன்றுவிடும் அபாயம் உண்டு. டயர் மட்கார்டில் உரசுவது, ரிம்மின் ஆஃப்செட் பொருந்தாமல் போவது ஆகியவை இவற்றுக்கு அடுத்த நிலையில் கருதப்பட வேண்டியவை.

தாழ்த்தப்பட்ட கார்களில் மற்றொரு சிக்கலும் சேர்கிறது. ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிடத் தாழ்ந்திருக்கும்வரை சக்கரம் மேலெழும்போது பால் ஜாயிண்ட் வெளிப்புறம் நகர்ந்து எதிர்மக் கேம்பரைக் கூட்டும். சுருள்வில்லை மாற்றிக் காரை மிகவும் தாழ்த்தினால் ஆர்மின் வெளிமுனை கிடைமட்டத்தைக் கடந்து மேலும் உயர்ந்துவிட, அதன்பின் சக்கரம் மேலெழும்போது எதிர்மக் கேம்பர் குறையத் தொடங்கும். நீண்ட ஆர்ம் இந்தக் குறையை நிற்கும் நிலையில் மறைக்குமே தவிர, அதன் காரணத்தை நீக்காது.

மாற்று வழிகளின் ஒப்பீடு

கேம்பர் போல்ட் விலை குறைந்ததும் மீளத் திருப்பத்தக்கதும் ஆகும்; ஆயினும் அதன் தண்டு மூல போல்ட்டைவிட மெலிந்திருப்பதால், கடும் அதிர்ச்சியில் நழுவக்கூடும். ஸ்ட்ரட்டின் மேல்முனையை உட்புறம் நகர்த்தும் கேம்பர் பிளேட், எளிதில் சரிசெய்யத்தக்கதாயினும், ரப்பருக்குப் பதிலாக உலோக மூட்டைக் கொண்டிருப்பின் அதிர்வையும் ஓசையையும் காருக்குள் கடத்துகிறது. நீளத்தைத் திருகி மாற்றத்தக்க ஆர்ம் அளவுத் துல்லியத்தைத் தந்தாலும், அதன் மூட்டுகள் மண்ணும் நீரும் படும் இடத்தில் விரைவில் தேய்கின்றன. இவற்றோடு ஒப்பிட, மற்றொரு காரின் தொழிற்சாலை ஆர்ம், அளவு பொருந்துமாயின், ரப்பர் புஷ்ஷின் மென்மையையும் நீடித்த உழைப்பையும் ஒருசேரத் தருகிறது. ஆனால் கிடைக்கும் கேம்பர் அந்த ஆர்மின் நீளத்தால் முடிவாகிவிடுவதால், பின்னர் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை.

தோட்டச் சாலையின் தீர்ப்பு

தோட்டத்து லயங்களிலிருந்து தார்ச்சாலை வரை நீளும் செம்மண் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் டிராக்டர்களும் ஓடிப் பள்ளங்களையும் வரிவரியான மேடுகளையும் உண்டாக்குகின்றன. மழைக்காலத்தில் அப்பள்ளங்களின் ஆழம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இச்சாலைகளில் வேகம் குறைவு என்பதால் உடல் சாய்வும் குறைவு. ஆகவே எதிர்மக் கேம்பரின் பயன் ஏறத்தாழ இல்லை. அதே வேளையில், சாய்ந்த டயரின் உட்புறமே பள்ளத்தின் விளிம்பில் முதலில் மோதுவதோடு, முழுத் தொங்குநிலையும் முழு அமுக்கமும் அடிக்கடி நிகழ்வதால் சிவி ஜாயிண்டின் எல்லை இங்குதான் மிகுதியாகச் சோதிக்கப்படுகிறது.

கோலப்பிலாவிலிருந்து சிரம்பானுக்கு வரும் பழைய புக்கிட் புத்தூஸ் மலைச்சாலையும், ஜெலுபுவிலிருந்து வரும் புக்கிட் தங்கா சாலையும் வளைவுகள் நிறைந்தவை என்பது உண்மையே. ஆயினும் அவை எதிரே வாகனம் வரும் பொதுச்சாலைகள். டயரின் பிடிப்பு எல்லையை எட்டும் வேகத்திற்கு அங்கே இடமில்லை. அத்தகைய சாலைக்கு ஒரு பாகை அளவிலான எதிர்மக் கேம்பரே போதுமானதாகும்; அதை அடையப் பல கார்களில் கேம்பர் போல்ட்டே போதும்.

தோட்டங்களில் ஓடும் பிக்கப் வாகனங்களில் இதே கேள்வி தலைகீழாக எழுகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வாகனங்களை உயர்த்தும்போது கேஸ்டர் குறைந்து, மேல் ஆர்மின் பால் ஜாயிண்ட் தன் அசைவெல்லையை நெருங்குவதால், இழந்த கோணங்களை மீட்கவே மேல் ஆர்ம் மாற்றப்படுகிறது. அங்கே ஆர்ம் மாற்றம் தோட்டப் பயன்பாட்டின் தேவையிலிருந்தே பிறக்கிறது என்பது கருதத்தக்கது.

சட்டத்தின் நிலை

மலேசியாவில் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளும் வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகின்றன. வாகனத்தின் அமைப்பை மாற்ற விரும்புவோர் சாலைப் போக்குவரத்துத் துறையாகிய ஜேபிஜேயின் நிலைப்பாட்டை முன்னதாகக் கேட்டறிவதே பாதுகாப்பானது. தனியார் கார்கள் ஆண்டுதோறும் சோதிக்கப்படுவதில்லை என்றாலும், உரிமை மாற்றத்தின்போது புஸ்பாகோம் போன்ற ஆய்வு நிலையங்களில் அடிப்பகுதியும் ஸ்டீயரிங்கும் சோதிக்கப்படுகின்றன. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படாத மாற்றம் இழப்பீட்டுக் கோரிக்கையில் சிக்கலை உண்டாக்கக்கூடும் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

முடிவு

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்க்கையில், நீண்ட லோவர் ஆர்ம் பொறியியல் அடிப்படை உள்ள மாற்றமே என்பதும், அதன் நியாயம் கார் ஓடும் இடத்தைப் பொறுத்தது என்பதும் தெளிவாகின்றன. செப்பாங் தடத்திற்கு அடிக்கடி செல்லும் காருக்கு, ஆர்மின் அளவும் டிரைவ் ஷாஃப்டின் ஆழமும் டை ராட் மரையின் பிடிப்பும் சோதிக்கப்பட்டு, கேம்பரும் டோவும் கேஸ்டரும் ஒருங்கே அளக்கப்படுமாயின், அம்மாற்றம் பரிந்துரைக்கத்தக்கது. தோட்டத்திலிருந்து நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் காருக்கோ அது வேண்டாத செலவு. அங்கே கார் வளைவில் தளர்வாகத் தோன்றினால் முதலில் ஐயப்பட வேண்டியவை தேய்ந்த புஷ், ஆட்டம் கண்ட பால் ஜாயிண்ட், வலுவிழந்த அப்சோர்பர், குறைந்த டயர் காற்று ஆகியவையே. அவற்றை மாற்றித் தொழிற்சாலை அளவுக்கு அலைன்மென்ட் செய்த பின்னரும் குறை எஞ்சினால் மட்டுமே கேம்பரைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். ஆர்மை மாற்றச் சொல்லிக் கேட்டு வரும் இளைஞரிடம் அதற்கு முன் இந்தச் சோதனைகளை வலியுறுத்துவது தோட்டப்புறப் பட்டறைகளின் கடமையாகும்.